காலியாகத் தெரிவதும் கையில் இருப்பதும்

விருதுநகரிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை போகும் ரயில் தடம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே ஒற்றைப் பாதை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். நாளின் பெரும்பகுதி அந்தத் தண்டவாளத்தில் எதுவும் ஓடுவதில்லை. ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும் ரயிலின் ஓட்டுநர், எதிரே பாதை காலியாகக் கிடக்கிறது என்பதற்காக வண்டியை எடுத்துவிட மாட்டார். அதே நிமிடம் ராஜபாளையத்தில் நிற்கும் இன்னொரு ஓட்டுநர் கண்ணுக்கும் அதே பாதை காலியாகத்தான் தெரியும். இருவர் கண்டதும் உண்மைதான். இருவரும் அதை நம்பிக் கிளம்பினால் நடுவழியில் மோதல்தான். பாதை காலியாக இருப்பது ஒரு செய்தி. அதில் நுழைய உரிமை இருப்பது வேறொரு செய்தி. ரயில்வேக்காரர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே பிரித்துவைத்துவிட்ட இந்த இரண்டையும், கணினியைப் பற்றிப் பேசும்போது நாம் இன்னும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இயங்குதளம் நினைவகத்தை எப்படிப் பங்கிடுகிறது, ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்ற இரண்டும் பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்கள். அவற்றைப் பற்றிய தவறான எண்ணங்களுக்கோ பெரும்பாலும் வேர் ஒன்றே: ஒரு கணத்தில் கண்ணுக்குத் தெரிவதை வைத்து முழுக் கதையையும் முடிவுகட்டிவிடுவது.

முதலில் எல்லோருக்கும் பழக்கமான ஒன்று. கைபேசியில் 'ரேம் கிளீனர்' என்ற பெயரில் ஒரு செயலி. விரலால் தொட்டதும் ஒரு வட்டம் சுற்றி, இத்தனை மெகாபைட் விடுவிக்கப்பட்டது என்று பச்சை நிறத்தில் காட்டும். வீட்டைப் பெருக்கிய திருப்தி நமக்கு. இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம், நினைவகம் ஒரு பானை என்பது: நிறைந்தால் வழியும், காலியாக இருந்தால் நல்லது. ஆனால் ரேம் என்பது வைத்துக்கொண்டிருந்தால் மிச்சமாகும் பொருள் அன்று. எட்டு ஜிபி ரேமில் ஐந்து ஜிபி எதற்கும் பயன்படாமல் கிடந்தால், அதற்காகக் கொடுத்த பணம் வீண் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. அதனால்தான் லினக்ஸ், விண்டோஸ், ஆண்ட்ராய்டு எல்லாமே, யாரும் கேட்காத நினைவகத்தை, அண்மையில் வட்டிலிருந்து படித்த கோப்புகளின் நகல்களால் நிரப்பி வைக்கின்றன. அதே கோப்பு மறுபடி தேவைப்பட்டால் வட்டுக்குப் போக வேண்டியதில்லை. வேறு நிரல் இடம் கேட்டால், மாற்றம் எதுவும் செய்யப்படாத அந்த நகலை அப்போதே தூக்கி எறிந்துவிடலாம்; மூலம் வட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆக, அந்த இடம் நிறைந்தும் இருக்கிறது, கேட்டவுடன் கிடைக்கவும் செய்கிறது. லினக்ஸ் இந்த வேறுபாட்டை எண்ணாகவே காட்டுகிறது: வெறுமையாக உள்ளது எவ்வளவு என்று ஒரு கணக்கு, கேட்டால் கொடுக்கக்கூடியது எவ்வளவு என்று இன்னொரு கணக்கு. இரண்டாவது கணக்கு 2014-இல்தான் லினக்ஸின் கருவகத்தில் (கெர்னல்) சேர்ந்தது. அதுவரை முதல் எண்ணை மட்டும் பார்த்து, 'நினைவகம் தீர்ந்துவிட்டது' என்று பதறிய சர்வர் நிர்வாகிகளுக்குக் குறைவே இல்லை.

'நான் எல்லாச் செயலிகளையும் மூடிவிட்டால் போன் வேகமாகத்தானே ஓடுகிறது?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, சில சமயம் அது நடக்கவும் செய்கிறது. ஆனால் எதனால் வேகம் கூடியது என்று பார்க்க வேண்டும். ஏதோ ஒரு செயலி பழுதாகிப் பின்னணியில் பிராசசரின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தால், அல்லது வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் மேலும் மேலும் வாங்கிக்கொண்டே இருந்தால், அதை நிறுத்தியதும் நிம்மதி கிடைக்கும். அங்கே மருந்து, பழுதை நீக்கியதுதான். காலி இடம் அதன் பக்கவிளைவு. பழுதில்லாத பத்துச் செயலிகளையும் சேர்த்து மூடினால் நட்டமே மிச்சம். ஆண்ட்ராய்டு அவற்றை உறங்கும் நிலையில் நினைவகத்தில் வைத்திருக்கிறது. இடம் உண்மையிலேயே போதாதபோது, நெடுநேரம் தொடப்படாதவற்றைத் தானே கலைக்கிறது. நாம் முந்திக்கொண்டு கலைத்தால், அடுத்த முறை திறக்கும்போது எல்லாவற்றையும் சேமிப்பகத்திலிருந்து முதலிலிருந்து ஏற்ற வேண்டும். நேரமும் போகும், பேட்டரியும் போகும். ஆகவே, எவ்வளவு காலி என்பது கேட்கத் தகுந்த கேள்வி அன்று. இடம் கேட்டு வந்த நிரல் எதுவும் காத்திருக்க நேர்ந்ததா என்பதுதான் கேட்க வேண்டியது. முதல் கேள்விக்கு ஒரு கணத்துப் படம் போதும். இரண்டாவதற்கு, காலப்போக்கில் நடப்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது குழப்பம் 'மெய்நிகர் நினைவகம்' என்ற பெயரிலேயே இருக்கிறது. ரேம் போதாதபோது வட்டில் கொஞ்சம் இடத்தை ரேம் போலப் பயன்படுத்துவதுதான் அது என்று பலர் நினைக்கிறார்கள். விண்டோஸின் அமைப்புகளில் வட்டுக் கோப்பின் அளவை மாற்றும் இடத்துக்கு இந்தப் பெயரையே வைத்திருப்பது அந்த எண்ணத்தை உறுதிப்படுத்திவிடுகிறது. உண்மையில் வட்டே இல்லாத கணினியிலும் மெய்நிகர் நினைவகம் உண்டு. அதன் சாரம் முகவரியை இடத்திலிருந்து பிரிப்பது. ராஜபாளையத்தில் ஒரு வடக்குத் தெரு, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு வடக்குத் தெரு என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 12-ஆம் எண் வீடு இருக்கும். கடிதத்தில் 'வடக்குத் தெரு, 12' என்று மட்டும் எழுதினால் அது எந்த வீடு? 626117 என்று சேர்ந்தால் ராஜபாளையம், 626125 என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஓடும் நிரல் ஒவ்வொன்றும் இப்படித் தனி ஊர். இரண்டு நிரல்கள் ஒரே எண்ணுள்ள முகவரியில் எழுதினாலும் ஒன்றின் எழுத்து மற்றதன் மேல் விழுவதில்லை; எந்த ஊரின் எந்த எண் ரேமில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை இயங்குதளம் வைத்திருக்கிறது, செயலி, அதாவது பிராசசர், ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துப் பெயர்த்துக்கொள்கிறது. பொதுவாக 4 கிலோபைட் கொண்ட 'பக்கம்' ஒன்றுக்கு ஒரு பதிவு. எட்டு ஜிபி ரேமில் அப்படி 20,97,152 பக்கங்கள். 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியில் இந்த முறை முதலில் வந்தபோது, 16 ஆயிரம் சொற்கள் கொள்ளும் வேக நினைவகமும் 96 ஆயிரம் சொற்கள் கொள்ளும் சுழல் உருளையும் நிரல் எழுதுபவருக்கு ஒரே நினைவகமாகத் தெரிந்தன. வட்டின் உதவியை இந்தப் பிரிப்பு எளிதாக்கியது என்பது சரி. வட்டின் உதவிதான் மெய்நிகர் நினைவகம் என்பது தவறு.

முகவரி வேறு, இடம் வேறு என்று ஏற்றுக்கொண்டால் அடுத்த வியப்பும் புரியும். ஒரு நிரல் ஒரு ஜிபி நினைவகம் கேட்கிறது. இயங்குதளம் 'சரி' என்கிறது. அந்தக் கணத்தில் ரேமில் ஏறக்குறைய எதுவும் மாறுவதில்லை. கொடுக்கப்பட்டது முகவரி எண்கள் மட்டுமே. நிரல் ஒரு பக்கத்தில் முதன்முதலாக எழுதும்போதுதான், செயலி அட்டவணையைப் பார்த்து 'இதற்கு இடமே இல்லையே' என்று இயங்குதளத்தைக் கூப்பிடும். அப்போதுதான் ஒரு பக்கம் ஒதுக்கப்படும். கேட்பவர்கள் எல்லோரும் கேட்டதையெல்லாம் பயன்படுத்துவதில்லை என்பது அனுபவம். அதனால் லினக்ஸ், கையில் உள்ளதைவிடக் கூடுதலாகவே வாக்குக் கொடுத்துவிடுகிறது. இது ஏமாற்று அல்லவா என்ற ஆட்சேபம் பழையது, வலுவானதும்கூட. எல்லோரும் ஒரே நேரத்தில் வாக்கை நிறைவேற்றச் சொன்னால், கருவகம் ஏதாவது ஒரு நிரலைத் தேர்ந்து கொன்றுதான் இடம் தேட வேண்டியிருக்கும். அதற்கென்றே ஒரு பகுதி லினக்ஸில் இருக்கிறது. விண்டோஸ் இதில் வேறு வழி போகிறது: ரேமும் வட்டுக் கோப்பும் சேர்ந்து எவ்வளவோ அதற்கு மேல் வாக்குக் கொடுக்காது, கொடுக்க முடியாவிட்டால் கேட்கும்போதே மறுத்துவிடும். இரண்டில் எது சரி என்பது, வாக்குத் தவறும் அபாயத்தை எப்போது, யார் தலையில் ஏற்றுவது என்ற முடிவைப் பொறுத்தது. ஆனால் இரண்டிலுமே, 'இந்த நிரல் இத்தனை ஜிபி எடுத்துக்கொண்டது' என்று திரையில் காணும் எண், கேட்டதையா தொட்டதையா குறிக்கிறது என்று தெரியாமல் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பல நிரல்கள் பொதுவாகப் பகிரும் நூலகப் பக்கங்கள் ஒவ்வொன்றின் கணக்கிலும் தனித்தனியே சேர்வதால், எல்லா எண்களையும் கூட்டினால் இயந்திரத்தில் இருக்கும் ரேமைவிடக் கூடுதலாக வருவதும் உண்டு.

'எதற்கு இந்தச் சிக்கல்? ரேமைக் கூட்டிப் போட்டால் தீர்ந்தது' என்பதும் எங்கும் கேட்கும் பேச்சு. பெரும்பாலும் பலிக்கிறது, ஆனால் அது விதியன்று. லாசுலோ பெலாடியும் கூட்டாளிகளும் 1969-இல் காட்டிய உதாரணத்தை ஒரு தாளில் எவரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிரல் 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்களைக் கேட்கிறது. இடம் இல்லாதபோது முதலில் வந்ததை முதலில் வெளியேற்ற வேண்டும் என்பது விதி. மூன்று பக்கங்களுக்கு இடம் இருந்தால், கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லாமல் வட்டுக்கு ஓட வேண்டியது 9 முறை. நான்கு பக்கங்களுக்கு இடம் கொடுத்தால் 10 முறை. இடம் கூடியது, அலைச்சலும் கூடியது. காரணம் வெளியேற்றும் விதி: நான்கு இடம் இருக்கும்போது, அடுத்துத் தேவைப்படப்போகும் பக்கத்தையே அது சரியாகத் தேர்ந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. நெடுநேரம் தொடாததை வெளியேற்று என்ற விதிக்கு இந்தக் கோளாறு வராது. ரேமிலிருந்து வெளியேற்றும் பக்கங்களுக்காக வட்டில் வைத்திருக்கும் ஸ்வாப் இடத்தில் ஏதாவது இருந்தாலே ஆபத்து என்று அஞ்சுவதும் இதே வகை. காலையில் திறந்து மறந்துபோன நிரலின் பக்கங்களை வட்டில் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தை அடிக்கடி படிக்கும் கோப்புக்குக் கொடுப்பது நல்ல நிர்வாகம். ஒதுக்கியதை உடனே எடுப்பதும், எடுத்ததை உடனே ஒதுக்குவதுமாக இயந்திரம் திணறினால்தான் நோய். வட்டில் எவ்வளவு இருக்கிறது என்ற எண் இரண்டு நிலையிலும் ஒன்றாகவே இருக்கலாம், வேறுபடுவது போக்குவரத்து.

நினைவகத்தில் இந்தக் கணத்துப் படத்தை நம்பினால் இயந்திரம் மெதுவாகும், அவ்வளவுதான். ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களிடம் நம்பினால் கணக்கே பொய்யாகும். ஒரு எண்ணை ஒன்று கூட்டுவது நிரலில் ஒரே வரி. அதை எழுதியவருக்கு ஒரே செயலாகத் தோன்றும். செயலிக்கு அது மூன்று: நினைவகத்திலிருந்து எண்ணைப் படி, ஒன்று கூட்டு, திரும்ப எழுது. நூலில் இழைகள் போல ஒரு நிரலுக்குள் இணையாக ஓடுபவற்றையும் இழைகள் என்றே சொல்கிறோம். அப்படி இரண்டு இழைகள், 41 என்ற எண்ணை ஆளுக்கு ஒன்று கூட்டுகின்றன. முதல் இழை 41 என்று படிக்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாவதும் 41 என்று படிக்கிறது. இரண்டும் 42 என்று எழுதுகின்றன. வர வேண்டியது 43. இருவர் படித்ததும் சரி, இருவர் கூட்டியதும் சரி, ஒரு கூட்டல் மட்டும் காற்றோடு போய்விட்டது. சென்னையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டைக்கு ஓடும் பொதிகை எக்ஸ்பிரஸில் பொங்கலுக்கு முந்தைய இரவு ஒரே ஒரு படுக்கை மீதி இருப்பதாகக் காட்டும்போது, அதை ஒரே நொடியில் பார்ப்பவர்கள் எத்தனை பேர்! எல்லோர் திரையிலும் '1' என்று வருவது பிழையில்லை. அதைப் பார்த்த எல்லோருக்கும் படுக்கை உண்டு என்று நிரல் முடிவு செய்தால்தான் பிழை. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் 1999-இல் ஒன்றோடொன்று இணைந்தபோது தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்களில் இதுவும் ஒன்றாகவே இருந்திருக்கும்: எந்த ஊரில் யார் பார்த்தாலும், ஒரு படுக்கை ஒருவருக்குத்தான். பணம் கட்டி முடிப்பதற்குள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும் பயணிக்கு எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் அந்த நிரல் காட்டியதற்கும் கொடுத்ததற்கும் நடுவே உள்ள கோட்டை அழிக்காமல் காத்ததால்தான், ஒரே படுக்கைக்கு இருவர் சண்டை போடவில்லை.

ஒரே செயலி உள்ள கணினியில் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதானே ஓடுகிறது என்பது வாதம். ஓடுவது ஒன்றுதான், ஆனால் எங்கே நிறுத்தி அடுத்ததை ஓடவிடுவது என்று முடிவு செய்வது இயங்குதளம். படித்த பின், எழுதும் முன் நிறுத்தினாலும் அதற்கு உரிமை உண்டு. பெரும்பாலான கணினிகளில் ஒற்றைச் செயலியே இருந்த 1960-களிலேயே இந்த ஆராய்ச்சி தொடங்கிவிட்டதற்கு அதுவே காரணம். இன்னொரு கூட்டம், 'நான் ஒரு கொடி வைத்துக்கொள்கிறேன். உள்ளே யாரும் இல்லை என்று கொடி சொன்னால் நுழைந்து கொடியை ஏற்றிவிடுவேன்' என்கிறது. கொடியைப் பார்ப்பதற்கும் ஏற்றுவதற்கும் நடுவே இன்னொருவர் பார்த்துவிட்டால்? எண்ணில் இருந்த ஓட்டை கொடிக்கு இடம் மாறியதே தவிர அடைபடவில்லை. இன்றைய செயலிகளோ வேகத்துக்காக, எழுதிய வரிசையை முன்பின்னாக மாற்றி மற்றச் செயலிகளுக்குக் காட்டவும் கூடும். நாம் முதலில் ஏற்றியதாக நினைக்கும் கொடி அடுத்தவருக்கு அப்புறம்தான் தெரியலாம். ஓட்டையை அடைக்க, பார்ப்பதையும் எடுப்பதையும் யாரும் இடையே புக முடியாத ஒரே செயலாக ஆக்க வேண்டும். 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம் 360 கணினியிலேயே அப்படி ஒரு கட்டளை இருந்தது. இன்றைய பூட்டுகள் ஏறக்குறைய எல்லாமே அடியில் அப்படிப்பட்ட ஒன்றின் மேல்தான் நிற்கின்றன.

ரயில்வேயில் அந்த ஒரே செயல் ஓர் எஃகுப் பந்தாக இருந்தது. இந்தியாவின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் புழங்கிய நீல்ஸ் பந்து டோக்கன் கருவியில், அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒவ்வொரு பெட்டி. இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு நிலைய அதிகாரி பந்தை எடுக்க வேண்டுமென்றால், மறுமுனையில் இருப்பவர் மணி அடித்து ஒப்புதல் தர வேண்டும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்ப விழும்வரை இரண்டு பெட்டியிலிருந்தும் இன்னொரு பந்து வராது. இரு நிலையங்களின் பெயர் பொறித்த அந்தப் பந்தைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். நிற்காத வண்டியென்றால் பிளாட்பாரத்து ஊழியர் வளையத்தை உயர்த்திப் பிடிக்க, இன்ஜினில் இருப்பவர் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். ஓட்டுநர் நம்பியது கண்ணை அன்று, கையில் இருக்கும் பந்தை. இதில் ஒரு சுவையான முரண் உண்டு. நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965-இல் எழுதிய கட்டுரையில் இணை நிரல்களை ஒழுங்குபடுத்தும் கருவிக்கு 'செமஃபோர்' என்று பெயரிட்டார். நம் ஊரில் கைகாட்டி என்று சொல்லும் அதே ரயில்வே சிக்னல்தான் அது. ஆனால் கைகாட்டி செய்தி சொல்வதோடு சரி. ஒரே நேரத்தில் இருவர் நுழையாமல் உண்மையில் தடுத்தது பந்து. இன்று நிரல் எழுதுபவர்கள் மியூட்டெக்ஸ் என்று சொல்லும் பூட்டுக்குப் பந்துதான் சரியான உவமை: எடுத்தவர் யாரோ அவரேதான் திருப்ப வேண்டும்.

மியூட்டெக்ஸும் செமஃபோரும் ஒன்றே, பெயர்தான் வேறு என்பது மாணவர்களிடம் வேரூன்றிய எண்ணம். அந்த வேறுபாட்டைப் பார்க்க ராஜபாளையத்தின் நூற்பாலைக்குள் போகலாம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து அந்த ஊரின் பிழைப்பே பஞ்சும் நூலும் என்றாகிவிட்டது. ஆலையில் கார்டிங் இயந்திரம் பஞ்சைச் சிக்கெடுத்துக் கயிறு போல ஆக்கி உயரமான கேன்களில் சுருட்டி நிரப்புகிறது. அடுத்த டிராயிங் இயந்திரம் அந்தக் கேன்களிலிருந்து இழுத்துச் சீராக்குகிறது. கார்டிங் நிரப்ப வேண்டுமென்றால் காலிக் கேன் வேண்டும். டிராயிங் இழுக்க வேண்டுமென்றால் நிறைந்த கேன் வேண்டும். இருபது கேன்கள் இருந்தால், காலிக் கேன் எத்தனை, நிறை கேன் எத்தனை என்று இரண்டு எண்ணிக்கைகள். ஒன்றைக் கார்டிங் குறைக்கும், டிராயிங் கூட்டும், மற்றதில் நேர்மாறு. எண்ணிக்கை சுழியமானால் அந்தப் பக்கத்துக்காரர் காத்திருக்க வேண்டும். இங்கே எடுத்தவரே திருப்ப வேண்டும் என்ற விதி இல்லை. ஒருவர் எடுத்ததை மற்றவர்தான் திருப்புகிறார். டைக்ஸ்ட்ராவின் எண்ணும் செமஃபோர் இதுவே. இரண்டையும் ஒன்றாக எண்ணி, பந்து வேண்டிய இடத்தில் கேன் கணக்கு வைத்தால், யாரோ ஒருவர் தான் எடுக்காததைத் திருப்பிவிட, உள்ளே ஒருவர் இருக்கும்போதே இன்னொருவர் நுழைவார். கேன்களில் எல்லாமே காலியாக இருப்பதும் எல்லாமே நிறைந்திருப்பதும் ஆலைக்கு ஒரே அளவு கெடுதல் என்பதையும் கவனிக்கலாம்: ஏதோ ஒரு பக்கம் சும்மா நிற்கும்.

'எங்கள் நிரலை ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தோம், ஒரு தவறும் வரவில்லை' என்பது இந்தத் துறையில் மிகவும் விலை கொடுக்க வைத்த வாக்கியம். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி 1985-க்கும் 1987-க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிரைச் செலுத்தியது. சிலர் இறந்தார்கள். டெக்சாஸில் நடந்த விபத்துகளை ஆராய்ந்தபோது தெரிந்தது இது: இயக்குபவர் முதலில் தவறான வகையைத் தட்டிவிட்டு, காந்தங்கள் நிலைகொள்ள ஆகும் எட்டு நொடிகளுக்குள் அதைத் திருத்திவிட்டால், நிரலின் ஒரு பகுதி திருத்தத்தைக் கண்டது, இன்னொரு பகுதி காணவில்லை. சோதனை செய்தவர்கள் மெல்லத் தட்டினார்கள், பிழை வரவில்லை. மாதக்கணக்கில் பழகி விரல் வேகம் கூடிய இயக்குபவரிடம் பிழை வெளிப்பட்டது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் மின்சாரம் இழந்தபோது, ஒரு மின் நிறுவனத்தின் எச்சரிக்கை நிரல் சத்தமில்லாமல் நின்றுபோயிருந்ததும் காரணங்களில் ஒன்று. அதை நிறுத்தியது, இரண்டு பணிகள் ஒரே நேரத்தில் ஒரே தரவைத் தொட நேர்ந்த ஒரு நுண்ணிய தருணம். அதற்கு முன் அந்த நிரல் முப்பது லட்சம் மணி நேரத்துக்கு மேல் பல இடங்களில் ஓடியும் அந்தப் பிழை தலைகாட்டவில்லை என்று அதை உருவாக்கிய நிறுவனம் சொன்னது. ஓடிப் பார்ப்பது என்பது, நடக்கக்கூடிய கோடிக்கணக்கான வரிசைகளில் சிலவற்றைப் பார்ப்பது. இடையில் சிறிது தாமதம் சேர்த்ததும் பிழை மறைந்தது என்றால், அது போகவில்லை, அரிதாகிவிட்டது. அரிதான பிழை பிடிபடுவது இன்னும் கடினம்.

பூட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அடுத்த மாயை. ஸ்ரீவில்லிபுத்தூரின் எல்லாத் தடங்களிலும் ராஜபாளையம் போக வேண்டிய வண்டிகள் நிற்கின்றன, ராஜபாளையத்தின் எல்லாத் தடங்களிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் வர வேண்டிய வண்டிகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே பாதை காலி. பந்தும் பெட்டியில் இருக்கிறது. யாரும் விதியை மீறவில்லை. யாரும் நகரவும் முடியாது. போய்ச் சேரும் இடத்தில் தடம் இல்லாமல் வண்டியை ஏற்றுக்கொள்ள எந்த நிலைய அதிகாரியும் சம்மதிக்க மாட்டார். காஃப்மனும் இரு கூட்டாளிகளும் 1971-இல் இந்த முட்டுக்கட்டைக்கு நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்கள்: ஒன்றை ஒருவர்தான் வைத்திருக்க முடியும், கையில் உள்ளதை விடாமலே இன்னொன்றுக்குக் காத்திருக்கிறார்கள், வைத்திருப்பவரிடமிருந்து பிடுங்க முடியாது, காத்திருப்போர் சங்கிலி வட்டமாக முடிகிறது. நான்கும் சேர்ந்தால்தான் முட்டுக்கட்டை. ரயில்வேயில் இது நேராமல் இருக்க, கோட்டக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பல நிலையங்களைச் சேர்த்துப் பார்த்து, எந்த வண்டியை எங்கே கிராசிங்குக்கு நிறுத்துவது என்று முன்கூட்டியே திட்டமிடுகிறார். கணினியிலும் இயங்குதளம் அப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். பொதுப் பயன்பாட்டு இயங்குதளங்கள் நம் நிரலின் பூட்டுகளுக்கு அந்த வேலையைச் செய்வதில்லை; காத்திருப்பவற்றைக் காக்கவைப்பதோடு நிற்கின்றன. எல்லா இழைகளும் பூட்டுகளை ஒரே வரிசையில்தான் எடுக்க வேண்டும் என்று நிரல் எழுதுபவரே ஒழுங்கு வகுத்தால் வட்டம் உருவாகாது. நான்கில் ஒன்று உடைந்தால் போதும்.

இவ்வளவு கட்டுப்பாடும் வேகத்தைக் கொன்றுவிடாதா என்பது கடைசி ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. பல செயலிகளில் ஓடத் தொடங்கிய காலத்தில் லினக்ஸ் கருவகம் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு இருந்தது. 1996-இல் வந்த அது பாதுகாப்பானது, ஆனால் ஒரு செயலி உள்ளே இருந்தால் மற்றவை வாசலில் நிற்க வேண்டும். அதைச் சிறு சிறு பூட்டுகளாகப் பிரித்து முழுவதும் அகற்ற 2011 வரை ஆனது. ரயில்வேயும் நீளமான பிரிவுகளை இடையே சிக்னல் வைத்துத் துண்டாக்கித்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடுதல் வண்டிகளை அனுப்புகிறது. இரண்டு இடத்திலும் வேகம் வந்தது உரிமையின் எல்லையைச் சிறிதாக்கியதால். உரிமை என்ற ஏற்பாட்டையே கைவிட்டதால் அன்று. இழைகளைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் கூடிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கைக்கும் இதே இடத்தில்தான் அணை விழுகிறது: எல்லோரும் ஒவ்வொருவராகக் கடக்க வேண்டிய பகுதி வேலையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால், எத்தனை செயலிகள் போட்டாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது என்பது ஜீன் ஆம்டால் 1967-இல் எடுத்துவைத்த வாதத்தின் கணக்கு.

பந்துகளும் பிரம்பு வளையங்களும் இன்று பெரும்பாலான பாதைகளில் இல்லை. பல பிரிவுகளில் தண்டவாளத்தோரம் அச்சு எண்ணும் கருவிகள் வந்துவிட்டன. உள்ளே போன அச்சுகள் எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று இரு முனையிலும் எண்ணுகின்றன. இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்தப் பிரிவு காலி என்று கணக்கு. ஏதோ கோளாறில் ஓர் அச்சு குறைவாக எண்ணப்பட்டுவிட்டால், கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் தண்டவாளமாகத் தெரிந்தாலும் சிக்னல் விழாது. நிலைய அதிகாரிகள் முறைப்படி சரிபார்த்து எண்ணிக்கையைச் சுழியமாக்கும்வரை வண்டி நிற்கும். பூட்டை வைத்துக்கொண்டே ஓர் இழை இறந்துபோனால் கணினியில் நேர்வதும் இதுதான். ஜன்னலோரம் உட்கார்ந்து 'பாதை காலியாகத்தானே இருக்கிறது, ஏன் எடுக்க மாட்டேன் என்கிறான்' என்று சலித்துக்கொள்ளும் பயணி, ரேமில் காலி இடம் தேடிச் செயலிகளை மூடுபவர், ஆயிரம் முறை ஓடியதைக் காட்டி நிரலுக்குச் சான்று தருபவர் ஆகிய மூவருமே கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வண்டியை நிறுத்தி வைத்திருப்பது, கண்ணால் காண முடியாத ஓர் எண்ணிக்கை.